அலை சடப்பொருளைக் காவிச் செல்வதில்லையெனில், வளிமண்டலத் துணிக்கைகளை அது வெளியேற்றுவது எப்படி?

குளக்கட்டு (கிளிநொச்சி) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் கிளிநொச்சி மாவட்டப் பாடசாலையொன்றில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் கற்பித்து வருகிறேன். சென்ற வாரம் ஈர்ப்புப்புல அலகில் தப்பல் வேகத்தை (கோளொன்றின் ஈர்ப்பிலிருந்து விடுபட வேண்டிய ஆகக் குறைந்த வேகத்தை) படிப்பித்துக்கொண்டிருந்தபோது, இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்யும் குடும்பத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து, "குளத்துத் தண்ணீர் துருசாலும் போகிறது, வான் பாய்ந்தும் போகிறது, ஒருவர் கண்ணிலும் படாமல் ஆவியாகியும் போகிறது, செவ்வாயின் காற்று இவற்றுள் எந்த வழியாற் போனது?" என்று கேட்டாள். ஒரு நாள் அவகாசம் தரும்படி சொல்லிவிட்டு வந்தேன். ஒரு வாரமாகியும் எனக்கே நிறைவு தரும் விடை கிடைக்கவில்லை.

வகுப்பில் நாங்கள் செய்த கணிப்பை முதலில் தருகிறேன். புவியின் மேல் வளிமண்டலத்தின் வெப்பநிலையை 1000 கெல்வின் என எடுத்துக்கொண்டால், ஒட்சிசன் அணுவின் சராசரி வர்க்கமூல வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 1.25 கிலோமீற்றர், ஐதரசன் அணுவுக்கு அது ஏறத்தாழ 5 கிலோமீற்றர். தப்பல் வேகமோ 11.2 கிலோமீற்றர். ஐதரசனில் வேகம் கூடிய ஒரு சிறு பகுதி தப்பலாம் என்பது விளங்குகிறது. செவ்வாயில் தப்பல் வேகம் 5 கிலோமீற்றர்தான் என்றாலும், அங்கே மேல் வளிமண்டலம் ஏறத்தாழ 250 கெல்வின் அளவில் குளிர்ந்திருப்பதால் ஒட்சிசனின் வேகம் 0.6 கிலோமீற்றர் அளவிலேயே நிற்கிறது. ஆகவே வெறும் வெப்பத்தால் ஒட்சிசன் தப்ப வழியில்லை.

தேடிப் பார்த்ததில், பிளாஸ்மா அலைகள் (அயன்களும் இலத்திரன்களும் கலந்த வாயுவில் எழும் அலைகள்) அயன்களைச் சூடாக்கி வெளியேற்றுகின்றன என்று பல இடங்களில் எழுதியிருந்தது. ஆனால் அலைகள் பற்றிய அலகின் முதல் வசனமே, அலை சக்தியைக் கடத்தும், சடப்பொருளைக் கடத்தாது என்பதுதான். அப்படியிருக்க, அலையொன்று ஒரு கோளின் காற்றை எப்படிக் குறைக்க முடியும்? அத்துடன், புவியின் காந்தப்புலம் வளிமண்டலத்தைக் காக்கும் கவசம் என்று இதுவரை மாணவருக்குச் சொல்லி வந்திருக்கிறேன். அதுவும் சரிதானா என்பதை அறிந்தவர்கள் தெளிவுபடுத்த வேண்டுகிறேன்.

சுரமானி (வவுனியா) எழுதியது:

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். உங்கள் ஆய்வுகூடத்தில் சுரமானி (பெட்டியொன்றின் மேல் இரு பாலங்களில் கம்பியை இழுத்துக் கட்டிய கருவி) இருக்குமானால், அந்த மாணவியின் கேள்விக்கான விடையின் பாதி அந்தப் பெட்டியின் மேலேயே இருக்கிறது. கம்பியின் நடுவில் கூரை வடிவில் மடித்த சிறு கடதாசித் துண்டை வைத்து, அதிரும் இசைக்கவையின் அடியைப் பெட்டியில் ஊன்றுகிறோம். பாலங்களின் இடைத்தூரம் பொருந்தாதபோது கடதாசி அசையாமல் இருக்கும். சிறிது சிறிதாக இடைத்தூரத்தை மாற்றிக்கொண்டு வர, கம்பியின் மீடிறன் இசைக்கவையின் மீடிறனோடு ஒத்துவரும் இடத்தில் கடதாசி நடுங்கித் துள்ளிக் கீழே விழுகிறது. இசைக்கவையிலிருந்து சடப்பொருள் எதுவும் கடதாசிக்கு வரவில்லை. வந்தது சக்தி மட்டுமே. அதுவும் பரிவு நிகழ்ந்ததால், அதாவது இரு மீடிறன்களும் ஒத்துப்போனதால் மட்டுமே வந்தது. பாடநூல் வசனம் பிழையில்லை. அலை துணிக்கையைக் காவிச் செல்லவில்லை, துணிக்கை தானே போவதற்குரிய சக்தியை அதற்குக் கொடுக்கிறது.

இதில் கம்பியின் இடத்தில் இருப்பது, காந்தப்புலக் கோட்டைச் சுற்றிச் சுழலும் அயன். ஏற்றமுள்ள துணிக்கை காந்தப்புலத்தில் சுற்றும் மீடிறன் அதன் ஏற்றத்திலும் திணிவிலும் புலத்தின் வலிமையிலும் மட்டுமே தங்கியிருக்கிறது, வேகத்தில் தங்கியிருப்பதில்லை என்பதைச் சைக்கிளோத்திரன் வினாக்களில் உங்கள் மாணவர் ஏற்கெனவே கண்டிருப்பார்கள். அந்த ஒரு பண்பே இங்கு எல்லாவற்றையும் நடத்துகிறது. அயன் வேகம் கூடக்கூட அதன் வட்டம் பெரிதாகுமே தவிர, ஒரு சுற்றுக்கு எடுக்கும் நேரம் மாறாது. எனவே அலையின் மின்புலம் அயன் சுழலும் அதே திசையில், அதே மீடிறனில் சுழலுமானால், ஒவ்வொரு சுற்றிலும் அது அயனை முன்னோக்கியே தள்ளும், படி தவறுவதில்லை. 30 மைக்கிரோதெஸ்லா புலத்தில் ஒட்சிசன் அயனுக்கு இந்த மீடிறன் ஏறத்தாழ 29 ஹேர்ட்ஸ், புரோத்தனுக்கு அதன் 16 மடங்கு.

இப்போது சக்திக் கணக்கைப் பார்ப்போம். புவியிலிருந்து ஒட்சிசன் அணுவொன்று தப்ப ஏறத்தாழ 10 இலத்திரன்வோல்ற்று வேண்டும். 1000 கெல்வினில் அதனிடம் இருக்கும் சராசரிச் சக்தி 0.13 இலத்திரன்வோல்ற்று மட்டுமே. இந்த இடைவெளியை ஒரே பாய்ச்சலில் கடப்பதில்லை. முதற்படியில், பாரமற்ற இலத்திரன்கள் மேலே ஓட முயல, பாரமான அயன்கள் கீழே தங்க, இரண்டுக்கும் இடையில் மெல்லிய மின்புலமொன்று உண்டாகி அயன்களை மேலே இழுக்கிறது. இதன் அளவு நெடுங்காலமாகக் கணிப்பில் மட்டுமே இருந்தது. 2022 மே 11 ஆம் திகதி சுவால்பாட் தீவுகளிலிருந்து ஏவப்பட்ட எண்டியூரன்ஸ் ஆய்வு ரொக்கெற்று, 248 கிலோமீற்றருக்கும் 768 கிலோமீற்றருக்கும் இடையில் 0.55 வோல்ற்று அழுத்த வேறுபாட்டை அளந்தது. முடிவு 2024 இல் வெளியானது. ஒரு கைக்கடிகார மின்கலத்தின் பாதிக்கும் குறைவான அழுத்தம்தான் என்றாலும், ஐதரசன் அயன் மீது இது செலுத்தும் விசை ஈர்ப்பு விசையைவிட 10 மடங்குக்கும் அதிகம். ஒட்சிசன் அயனை அது விண்வெளிக்கு அனுப்பப் போதாது. மேலே தூக்கி வைக்க மட்டுமே போதும்.

அப்படித் தூக்கி வைக்கப்பட்ட ஒட்சிசன் அயன்களைத்தான் துருவப் பகுதிகளின் மேலே தாழ் மீடிறன் பிளாஸ்மா அலைகள் பிடித்துக்கொள்கின்றன. அலை கொடுக்கும் சக்தி புலக்கோட்டுக்குச் செங்குத்தான சுழற்சியில்தான் சேர்கிறது. அது எப்படி மேல்நோக்கிய இயக்கமாக மாறுகிறது என்று ஒரு நல்ல மாணவி நிச்சயம் கேட்பாள். சுழலும் அயன் ஒரு சிறு மின்னோட்டத் தடம். அத்தகைய தடம் எப்போதும் புலம் வலிமை குன்றும் பக்கத்துக்குத் தள்ளப்படும். துருவத்தின் மேலே புலம் உயரத்தோடு குன்றுவதால் அந்தப் பக்கம் என்பது விண்வெளிப் பக்கமே. அயன் மேலேற மேலேற, சுழற்சிச் சக்தி படிப்படியாகப் புலக்கோட்டின் வழியேயான சக்தியாக மாறுகிறது. செய்மதிகள் அளந்த அயன்களின் வேகத் திசைகளைக் குறித்துப் பார்த்தால் அவை புலக்கோட்டைச் சுற்றி ஒரு கூம்பின் மேற்பரப்பில் அமைவது தெரியும். செங்குத்தாகச் சூடாக்கப்பட்டு, பின்னர் மேலே தள்ளப்பட்டதற்கு அந்தக் கூம்பே சான்று.

சிற்றலை (முல்லைத்தீவு) எழுதியது:

மேலே எழுதியவர் விளக்கியது மேல்நோக்கிய இழப்பு. இத்துறையில் "துணிக்கை இழப்பு" என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. இரண்டையும் ஒன்றென்று எண்ணி நானும் சில காலம் குழம்பியிருக்கிறேன் என்பதால் இதைச் சொல்ல விரும்புகிறேன்.

நான் வானொலியில் ஆர்வமுள்ளவன். சித்திரை மாதத்து இடிமழைக் காலத்தில், எங்கள் வளவின் இரண்டு பனைகளுக்கிடையே கட்டிய நீண்ட கம்பியை ஒலிப் பெருக்கியொன்றின் உள்ளீட்டில் இணைத்துக் கேட்டால், தாளிதச் சட்டியில் கடுகு வெடிப்பது போன்ற பொரியலோசை இடைவிடாமல் கேட்கும். ஒவ்வொரு வெடிப்பும் எங்கோ நிகழ்ந்த ஒரு மின்னல். அந்த மின்னலின் வானொலிச் சக்தியில் ஒரு பகுதி அயன்மண்டலத்தைத் துளைத்து, காந்தப்புலக் கோடுகளின் வழியே புவியின் மறு அரைக்கோளத்துக்குச் செல்கிறது. போகும் வழியில் உயர்ந்த மீடிறன்கள் முந்தியும் தாழ்ந்தவை பிந்தியும் வருவதால், மறுபக்கத்தில் அது சீழ்க்கையடிப்பது போல இறங்கும் ஒலியாகக் கேட்கிறது. 1953 இல் ஸ்டோரி என்ற ஆய்வாளர் இதை விளக்கியபோதுதான், புவியைச் சுற்றிப் பல ஆயிரம் கிலோமீற்றர் உயரத்திலும் பிளாஸ்மா இருக்கிறது என்பது தெளிவாயிற்று. வன்னி காந்த மத்தியகோட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. இங்கே புலக்கோடுகள் ஏறத்தாழக் கிடையாகக் கிடப்பதால் அந்தச் சீழ்க்கையை இங்கிருந்து கேட்பது மிக அரிது. பொரியலோசையோடு நான் மனநிறைவு கொள்கிறேன்.

இவ்வகை அலைகளும், அவற்றின் உறவான இன்னும் சில அலைகளும், புவியின் காந்தப்புலத்தில் துணிக்கைகள் சிக்கியிருக்கும் வான் அலன் கதிர்ப்புப் பட்டைகளில் அடைபட்டிருக்கும் இலத்திரன்களோடு பரிவு கொள்கின்றன. அவற்றுள் ஒன்றை ஒலியாக மாற்றிக் கேட்டால் விடியற்காலைப் பறவைகளின் கூட்டொலி போல இருக்கும். பட்டையில் உள்ள இலத்திரன், புலக்கோட்டின் இரு முனைகளுக்கும் இடையே முன்னும் பின்னுமாகத் தெறித்துக்கொண்டிருக்கிறது. அலை அதன் வேகத்தின் திசையைச் சற்றுத் திருப்பிவிட்டால், திரும்ப வேண்டிய உயரத்தில் திரும்பாமல் அடர்ந்த வளிமண்டலத்துக்குள் விழுந்து மோதி இல்லாமற் போகிறது. இங்கே இழப்பு என்பது பட்டைக்குத்தான். வளிமண்டலம் எதையும் இழக்கவில்லை, வரவு வைத்துக்கொள்கிறது. உட்பட்டைக்கும் வெளிப்பட்டைக்கும் இடையில் காணப்படும் வெறுமையான இடைவெளி, இரைச்சல் போன்ற இன்னோர் அலை இலத்திரன்களை இவ்வாறு ஓயாமல் உதிர்ப்பதால் உண்டானது. 2016 டிசம்பரில் யப்பான் ஏவிய அரசே செய்மதி, அந்தப் பறவையொலி அலை தோன்றும் நேரத்தில் இலத்திரன்கள் கீழ்நோக்கிச் சிதறுவதை நேரடியாகவே அளந்தது. அதே கணங்களில் தரையிலிருந்து எடுத்த படங்களில் துருவ ஒளி விட்டுவிட்டுத் துடித்தது.

ஆகவே தேடிப் படிக்கும்போது, எதிலிருந்து இழப்பு, எந்தத் திசையில் இழப்பு என்ற இரண்டையும் முதலிற் பார்த்துக்கொள்ளுங்கள்.

குளக்கட்டு (கிளிநொச்சி) எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சுரமானிப் பரிசோதனையை இன்றே வகுப்பில் மீண்டும் செய்தோம். கடதாசி விழுந்தபோது அந்த மாணவியின் முகத்தில் தெரிந்த தெளிவை எழுத்தில் தர என்னால் இயலவில்லை.

ஆனால் அவள் அதோடு விடவில்லை. செவ்வாய்க்கு முழுக்கோளையும் சூழ்ந்த காந்தப்புலம் இல்லை. ஞாயிற்றுக் காற்றின் (ஞாயிற்றிலிருந்து ஓயாமல் வீசும் ஏற்றத்துணிக்கை ஓட்டத்தின்) காந்தப்புலம் அங்கே ஏறத்தாழ 3 நனோதெஸ்லா, வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர் என்று எடுத்து, அந்தக் காற்றில் அகப்பட்ட ஒட்சிசன் அயனின் வட்டப்பாதை ஆரையைக் கணித்திருக்கிறாள். விடை ஏறத்தாழ 22,000 கிலோமீற்றர். செவ்வாயின் ஆரை 3,390 கிலோமீற்றர். "ஒரு வட்டம் சுற்றி முடிக்கவே இடமில்லாதபோது பரிவு எப்படி ஏற்படும்?" என்பது அவளது கேள்வி. கணிப்பைச் சரிபார்த்தேன், பிழை காணவில்லை.

வாடைக்காற்று (மன்னார்) எழுதியது:

மாணவியின் கணிப்பு சரியானது, அவள் எழுப்பிய ஐயமும் சரியானது. செவ்வாயில் பாரமான அயன்களை எடுத்துச் செல்லும் முதன்மையான வேலையை அலைகள் செய்வதில்லை. ஓடும் ஞாயிற்றுக் காற்றோடு வரும் மின்புலம், புதிதாக உண்டான அயனை ஒரே வளைவில் இழுத்துக்கொண்டு போகிறது. வட்டம் முடிவதற்கு முன்பே அயன் கோளைக் கடந்துவிடுகிறது. சில அயன்கள் திரும்பி வந்து வளிமண்டலத்திலேயே மோதுகின்றன.

நடுநிலையான ஒட்சிசன் அணுக்களுக்கோ அலையும் தேவையில்லை, காந்தப்புலமும் தேவையில்லை. இரண்டு ஒட்சிசன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூற்று அயன் ஓர் இலத்திரனைப் பிடித்தவுடன் உடைந்து, இரண்டு அணுக்களும் எதிரெதிராகப் பாய்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 3.5 இலத்திரன்வோல்ற்று வரை கிடைக்கலாம். செவ்வாயிலிருந்து தப்ப ஏறத்தாழ 2 போதும். வெள்ளியிலிருந்து தப்ப ஏறத்தாழ 9 வேண்டும். ஒரே இரசாயனத் தாக்கம் ஒரு கோளில் கதவைத் திறக்கிறது, மற்றதில் திறக்கவில்லை. இதை வகுப்பில் அவசியம் சொல்லுங்கள். ஈர்ப்பின் பங்கு இதைவிடத் தெளிவாகத் தெரியும் இடம் இல்லை.

அப்படியானால் செவ்வாயில் அலைகளுக்கு வேலையே இல்லையா என்றால், உண்டு. மேலிருந்து அயன்மண்டலத்துக்குள் ஊடுருவும் சில அலைகள் அங்குள்ள அயன்களைச் சூடாக்குவதை, செவ்வாயைச் சுற்றி அதன் மேல் வளிமண்டலத்தை ஆய்ந்த நாசாவின் மேவன் விண்கலம் கண்டிருக்கிறது. ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது, அலை சாட்சியாக நிற்கும் இடம். செவ்வாயின் ஐதரசன் முகில் மிகப் பரந்து, கோளின் முன்னே ஞாயிற்றுக் காற்று மோதித் திரும்பும் எல்லையையும் தாண்டி நிற்கிறது. அங்கே ஐதரசன் அணுவொன்று இலத்திரனை இழந்து புரோத்தனாகும் கணத்திலேயே காற்றின் புலத்தைச் சுற்றத் தொடங்குகிறது. 3 நனோதெஸ்லாவில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 20 செக்கன். இவ்வாறு ஒழுங்காகச் சுழலும் புதுப் புரோத்தன்கள் தாமே அதே மீடிறனில் அலையை எழுப்புகின்றன. விண்கலத்தின் காந்தமானியில் 20 செக்கனுக்கு ஒரு தடவை ஏறி இறங்கும் சீரான அலைவு தெரிந்தால், அவ்விடத்தில் செவ்வாயின் ஐதரசன் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். செவ்வாய் ஞாயிற்றுக்கு அண்மித்து வரும் பருவத்தில், புழுதிப் புயல்கள் நீராவியை மேலே ஏற்ற, ஐதரசன் இழப்பும் கூடுகிறது, இந்த அலைவும் அடிக்கடி தோன்றுகிறது. எடுத்துச் செல்பவன் அலையில்லை. எடுத்துச் செல்லப்படுவதைச் சொல்பவன் அலை.

அளவுகளைப் பற்றிச் சிறிது. 2014 செப்டெம்பரில், மங்கள்யான் சென்ற அதே மாதத்தில், செவ்வாயை அடைந்த மேவன், ஞாயிற்றுக் காற்றால் செக்கனுக்கு ஏறத்தாழ 100 கிராம் வாயு பறிக்கப்படுகிறது என்று கண்டது. 2015 நவம்பரில் இது அறிவிக்கப்பட்டது. 400 கோடி ஆண்டுகளுக்கு இதே வீதத்தைப் பெருக்கினால், செவ்வாயிடம் இன்று மிஞ்சியிருக்கும் மெல்லிய வளிமண்டலத்தின் பாதியளவே வருகிறது. ஆறு ஓடிய காலத்துத் தடித்த காற்றுக்கு இந்தக் கணக்கு எட்டாது. எனவே இளமைக்கால ஞாயிற்றின் புற ஊதாக் கதிர்ப்பும் காற்றும் இன்றைவிடப் பன்மடங்கு கடுமையாக இருந்தன என்பதைச் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அந்தக் காலத்தை எப்படி அளப்பது? சூடடித்த நெல்லைத் தூற்றும்போது பதர் தூரப் போய், மணி காலடியிலேயே விழுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை விளக்குவது எளிது. ஆகன் எந்தப் பாறையோடும் தாக்கம் புரியாத வாயு. அதன் 36, 38 ஆகிய சமதானிகளுள் (திணிவில் மட்டும் வேறுபடும் ஆகன் அணு வகைகளுள்) இலேசானது உயரத்தில் அதிகம் இருப்பதால் அதிகம் தெறித்துப் போகிறது. மிஞ்சியதில் பாரமானதன் விகிதம் எவ்வளவு கூடியிருக்கிறது என்பதிலிருந்து போனதைக் கணிக்கலாம். 2017 இல் மேவன் குழுவினர், செவ்வாயின் ஆகனில் ஏறத்தாழ 66 சதவீதம் விண்வெளிக்குப் போய்விட்டது என்று கணித்தனர்.

காந்தக் கவசம் பற்றிய உங்கள் கேள்விக்கு எனது கருத்து, அந்தச் சொல்லைக் கவனத்தோடு பயன்படுத்த வேண்டும் என்பதே. ஞாயிற்றுக் காற்று நேரடியாக மோதுவதைப் புவியின் புலம் தடுக்கிறது, அது உண்மை. ஆனால் அதே புலம் பெரிய பரப்பில் காற்றின் சக்தியை ஏந்தி, துருவப் பக்கங்களுக்குக் குவித்து அனுப்புகிறது. மேலே சொல்லப்பட்ட அலைகளுக்குச் சக்தி வருவதும் அந்த வழியால்தான். புவி, வெள்ளி, செவ்வாய் ஆகிய மூன்றும் இன்று அயன்களாக இழக்கும் அளவுகள் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடவில்லை. 2018 இல் வெளியான ஆய்வுக் கட்டுரையொன்று, கோளின் சொந்தக் காந்தப்புலம் இழப்பைத் தடுப்பதில்லை என்றே வாதிட்டது. ஒரு பகுதி அயன்கள் புலத்தின் வாற்பகுதியிலிருந்து திரும்பி வருகின்றன என்பதை முன்வைத்து மறுப்போரும் உள்ளனர். மாணவருக்கு "கவசம்" என்று மட்டும் சொல்லி நிறுத்துவது இனிப் பொருந்தாது.

புவியின் குளம் வற்றுமோ என்று பிள்ளைகள் அஞ்சினால் இதைக் காட்டுங்கள்: புவி இன்று இழக்கும் ஐதரசன் செக்கனுக்கு ஏறத்தாழ 3 கிலோகிராம். இதே வீதம் 450 கோடி ஆண்டுகள் நீடித்தது என்று வைத்து, அதை நீராக மாற்றிக் கணித்தால், கடல் மட்டத்தில் ஏறத்தாழ 10 மீற்றர். கடலின் சராசரி ஆழம் ஏறத்தாழ 3,700 மீற்றர்.

குளக்கட்டு (கிளிநொச்சி) எழுதியது:

நன்றி ஐயா. கவசம் பற்றிய குறிப்பை நாளையே திருத்திக் கொடுப்பேன். மாணவி அனுப்பிய கடைசிக் கேள்வியை மட்டும் இங்கே வைக்கிறேன். புவியில் அயன் மேலேறும்போது காந்தப்புலம் குன்றுகிறது. அப்படியென்றால் அயனின் மீடிறனும் குன்றும். சுரமானியில் பாலத்தைச் சற்று நகர்த்தினாலே கடதாசி அசையாமல் நின்றுவிடுகிறதே, அங்கு மட்டும் பரிவு எப்படித் தொடர்கிறது?

சுரமானி (வவுனியா) எழுதியது:

இந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளைக்கு எனது வாழ்த்தைச் சொல்லுங்கள். அங்கே ஒலிப்பது ஒற்றை இசைக்கவையில்லை. துருவங்களின் மேலே காணப்படும் அலைகள் பெரும்பாலும் ஒரு ஹேர்ட்சுக்குக் குறைவானதிலிருந்து நூற்றுக்கணக்கான ஹேர்ட்ஸ் வரை பரந்த வீச்சில் ஒருங்கே இருக்கின்றன. எல்லா இசைக்கவைகளையும் ஒரே நேரத்தில் ஊன்றியது போல. துருவத் தரையருகே ஒட்சிசன் அயனின் சுழற்சி மீடிறன் ஏறத்தாழ 57 ஹேர்ட்ஸ். புவிமையத்திலிருந்து இரண்டு புவியாரைத் தூரத்தில் 7. நான்கு ஆரைத் தூரத்தில் 1 ஹேர்ட்சுக்குச் சற்றுக் குறைவு. அயன் எந்த உயரத்தில் நின்றாலும் அதற்குரிய மீடிறன் அந்த வீச்சுக்குள் இருக்கிறது. அத்துடன் இவ்வலைகளில் தாழ்ந்த மீடிறன்களிலேயே வலு அதிகம். ஆகவே அயன் மேலேற மேலேற, பாலம் தானாகவே பலமாக ஒலிக்கும் இசைக்கவையை நோக்கி நகர்கிறது; பரிவு அறுந்து போவதற்குப் பதிலாக, உயரத்தோடு இன்னும் பலக்கிறது.